தீர்ப்புக்கு முன்னால் எழுந்து வந்தேன்

இத்தாலிக்கு நான் போனது ஒரு மெஷினால். வாணியம்பாடியில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி, மேல்தோலை மடித்துத் தைக்கும் புது மெஷின் ஒன்றை அங்கிருந்து வாங்கியது. அதை ஓட்டவும் பிரித்து மாட்டவும் கற்றுக்கொண்டு வர இரண்டு பேரை மூன்று வாரம் அனுப்பினார்கள். ஒருவர் தையல் பிரிவைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் பாய். ஊசி இறங்குகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார், ஆனால் இங்கிலீஷ் வராது. இன்னொருவன் நான். டிப்ளமோ முடித்தவன், இங்கிலீஷ் வரும், யாரிடமும் கேள்வி கேட்கக் கூச்சம் கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் வரும் என்றுதான் அனுப்பினார்கள் என்பது பாயின் கருத்து.

என் ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். அக்கா அதே மலையில் இன்னொரு மூலையில், விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். மார்ச் மாதம் அங்கே தண்ணீர் இருக்காது என்பதால் ஆண்டு விழாவைக் காலாண்டு லீவுக்கு முன்பே வைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் ஏழு சினிமாப் பாட்டு, ஏழு டான்ஸ். இந்த வருஷம் அதில் ஒன்றைக் குறைத்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடுகிறேன் என்று அக்கா தலைமை ஆசிரியரிடம் கேட்டிருந்தாள். அவர் சொன்ன பதிலை அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

“இருவது நிமிஷம் தரேன் மேடம். நல்லா வந்தா அடுத்த வருஷமும் போடுங்க. சொதப்பிச்சின்னா அதோட வுட்டுடணும். திரும்ப வந்து கேக்கக் கூடாது.”

அந்த இருபது நிமிஷம் அக்காவுக்குப் பெரிய விஷயம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் நாடகம் என்றதும் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதைதான் அமையவில்லை. “நம்ம பக்கத்துக் கதைன்னா புள்ளைங்க கூத்துல பாத்தத அப்டியே செஞ்சி வச்சிடும். யாரும் கேள்விப்படாத கதையா வேணும்டா. ஊர் ஊரா போறியே, ஒண்ணு புடிச்சிகினு வா,” என்றாள். ஏதோ காய்கறி வாங்கி வரச் சொல்வது மாதிரி. நானும் சரி என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித்தான் பழக்கம்.

இரண்டாவது வாரம் மெஷின் கம்பெனி ஆபீஸில் எங்களைக் கவனித்துக்கொண்ட அம்மாள் இரண்டு டிக்கெட்டை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் பழைய திறந்தவெளி அரங்கில் அவர்கள் ஊர்ப் பழைய நாடகம். அந்த மொழி பேசத் தெரிந்த எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்களாம். மைக் கிடையாது, விளக்கு கிடையாது. வெளிநாட்டுக்காரர்களுக்காக ஓரமாக ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டில் இங்கிலீஷ் வரி ஓடும். அன்றைக்கே அக்காவுக்குச் செய்தி போட்டேன்: கதை சிக்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் நேரம் ஏழரை, எட்டு மணிக்கு சிக்னல் கிடைக்கிற இடத்தில் இரு. அவள் பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர் டேங்க் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

பாய்க்கு வர விருப்பமில்லை. “மூணு மணி வெயில்ல கல்லு மேல ஒக்காந்து, புரியாத பாஷைல நாடகம். எனக்கு இன்னா தலையெழுத்து,” என்றார். டிக்கெட் கொடுத்த அம்மாள் திங்கட்கிழமை எப்படி இருந்தது என்று கேட்பாரே, என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்ட பிறகுதான் சட்டையை மாற்றினார். போகிற வழியில் எங்கிருந்தோ உட்காருவதற்கு ஒரு பஞ்சு மெத்தை வாடகைக்கு வாங்கிக்கொண்டார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் அதன் அருமை தெரிந்தது.

அரங்கம் ஒரு குன்றின் சரிவில் இருந்தது. அரைவட்டமாகக் கல்லில் படி வெட்டியிருக்கிறார்கள், படி முழுக்க ஜனம். கீழே வட்டமாக ஒரு தரை, அதற்குப் பின்னால் பாதி இடிந்த சுவர், சுவரில் ஒரு வாசல். அவ்வளவுதான். சரியாக மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். அதுவே எனக்கு முதல் ஆச்சரியம்.

கதை இதுதான். ஒரு நகரத்தை எதிரிகள் முற்றுகை போட்டிருக்கிறார்கள். நகரத்தின் ராஜா ஒரு சட்டம் போடுகிறார்: எதிரிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பவரைக்கூட வாசலுக்கு வெளியே அனுப்பிக் கதவை அடைத்துவிடுவோம், திரும்ப உள்ளே வர முடியாது. அடுத்த நாள் காயம்பட்ட எதிரி வீரன் ஒருவன் மதிலோரம் கிடந்து தண்ணீர் தண்ணீர் என்கிறான். ராஜாவின் மகள் குடத்தோடு போய்க் கொடுத்துவிடுகிறாள். ஊரே பார்க்கிறது. இப்போது ராஜா தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு கிழவர்கள் ஓரமாக நின்று, ராஜா எதைச் சொன்னாலும் கடைசிப் பாதியைத் திருப்பிச் சொல்லி, அவரையே கேள்வி கேட்டார்கள். எங்கள் கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் செய்கிற வேலை. நான் பாயிடம் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். பத்து நிமிஷத்தில் அவர், “நீ கம்முனு இரு தம்பி, மூஞ்சப் பாத்தாலே தெரியுது,” என்றார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மகள் தலை குனியாமல் நடுவில் நிற்கிறாள். ராஜா ஆசனத்திலிருந்து எழுந்து கையை உயர்த்தினார். தீர்ப்பு. அப்போதுதான் மழை வந்தது. முதலில் கல்லில் சொட்டுச் சொட்டாகக் கறை விழுந்தது, அப்புறம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. யாரோ ஓடிவந்து அந்த எலக்ட்ரானிக் போர்டின் மேல் பிளாஸ்டிக்கைப் போட்டு அதை அணைத்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் கூத்து விடுவது மழைக்காக. சாமை விதைத்து முளைத்து நிற்கும்போது மழை ஏமாற்றினால், வீட்டுக்கு இத்தனை படி என்று தானியம் சேர்த்து, செங்கம் பக்கத்திலிருந்து கூத்துக்காரர்களை அழைத்து வருவார்கள். நடுக் கூத்தில் மழை இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. மிருதங்கக்காரர் தோல் நனையாமல் வேட்டியால் மூடிக்கொள்வார், நாங்கள் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்கு ஓடுவோம். ஒரு தடவை ராஜா வேஷக்காரர் அம்பு பட்டு விழுந்து கிடந்த நேரத்தில் மழை வந்தது. அவரே எழுந்து கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து, துவட்டிக்கொள்ளத் துண்டு கேட்டார். அதற்கு மேல் கதை என்ன ஆனது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, கதை எதற்கு.

ஆகவே நான் யோசித்து எழுந்திருக்கவில்லை. கால் தானாக எழுந்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மாளிடம், நல்ல மழை என்று இங்கிலீஷில் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்தார்.

“ஒக்காருப்பா,” என்றார் பாய்.

“முடிஞ்சிடுச்சி பாய், வாங்க போலாம்.”

“முடிஞ்சிடுச்சா? யாரு சொன்னா உனுக்கு?”

“அதான் மழை வந்துடுச்சே.”

“மழை வந்தா இன்னா? ஒரு ஆளு எந்திரிக்கல பாரு. மெத்தைய வேற திருப்பிக் குடுக்கணும்.”

மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வருவார் என்று நினைத்துக்கொண்டு நான் படியேறினேன். பின்னால் திரும்பியிருந்தால், அத்தனை பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும். திரும்பவில்லை. வெளியே நுழைவாயில் வளைவுக்குக் கீழே ஒதுங்கி நின்று தலையைத் துவட்டும்போது போன் அடித்தது. அக்கா.

“ஸ்பீக்கர்ல போட்டுகிறேன்டா. புள்ளைங்க எல்லாம் சாப்ட்டு வந்து சுத்தி ஒக்காந்துகினு கீது. சொல்லு.”

சொன்னேன். நாடகத்தின் பெயர், முற்றுகை, சட்டம், தண்ணீர், மகள், பன்னிரண்டு கிழவர்கள். நான் நன்றாகக் கதை சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டேங்க் பக்கத்தில் இருபது பிள்ளைகள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ராஜா எழுந்து கையை உயர்த்தினார் என்ற இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தியது கதைக்காக இல்லை, எனக்கு அதற்கு மேல் தெரியாது.

“அண்ணா, ராஜா இன்னா சொன்னாரு?” ஒரு பெண் குரல்.

மழையில் நின்றுவிட்டது, நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் கணக்கில் அந்த முடிவை அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை. அப்படியிருக்க நான் ஒன்றைச் சொன்னால் யாருக்கு நஷ்டம். தவிர, இருபது பிள்ளைகள் காத்திருக்கும்போது எனக்குத் தெரியாது என்று சொல்வது என்னால் முடிகிற காரியம் இல்லை.

“ராஜா தன் கிரீடத்த கழட்டிட்டாரு,” என்றேன். “இந்தச் சட்டத்த போட்டது நான். என் பொண்ணு பண்ணதுக்கு நானே வெளிய போறேன். கதவ மூடுங்கன்னு சொல்லிட்டு, அவரே வாசல் வழியா நடந்து போய்ட்டாரு.”



“எங்க போனாரு அண்ணா?” இது ஒரு பையன்.

“காட்டுக்கு.”

“எந்தக் காட்டுக்கு?”

“அவங்க ஊர்ல கீற காட்டுக்குடா,” என்று அக்கா அவனை அடக்கினாள். அப்புறம் என்னிடம், “இது போதும்டா. இதான் எனக்கு வேணும்,” என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. அதோடு சிக்னல் போய்விட்டது.

நாற்பது நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து பெரிய கைதட்டல் கேட்டது. அது எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜனம் வெளியே வர ஆரம்பித்தது. நடுவில் பாய். தலையில் மெத்தை, மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ எந்திரிச்சி வந்தப்புறம்தான் தம்பி மேட்டரே,” என்றார். “கா மணி நேரம் கம்முனு நின்னாங்க. மழை வுட்டுச்சி, அதே எடத்துல கைய தூக்கினு ஆரம்பிச்சாரு.”

“முடிவு இன்னா பாய்?”

“போர்ட ஆஃப் பண்ட்டாங்க. பாஷை எனுக்கு இன்னா தெரியும். ஆனா ராஜா ரெண்டு கையும் விரிச்சி பொண்ணக் கூப்புட்டாரு. மன்னிச்சிட்டேன், வான்ற மாரி. அவ தலைய ஆட்டி மாட்டேன்னுட்டா. நின்னு நெறைய பேசனா. அப்புறம் அவளே வாசல தாண்டி வெளிய போய்ட்டா. திரும்பிக்கூட பாக்கல.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “எம் பொண்ணும் இப்டித்தான்,” என்றார்.

அன்று இரவு அந்த நாடகத்தின் புத்தகத்தைப் போனில் இங்கிலீஷில் தேடிப் படித்தேன். பாய் சொன்னது அச்சு அசலாகச் சரி. ராஜா மன்னிக்கிறார். வேறொருவர் மகளாக இருந்தால் மன்னித்திருப்பீர்களா என்று மகள் கேட்கிறாள். இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று அவளாகவே வெளியேறுகிறாள். ராஜா நிற்கிறார். நாடகம் முடிகிறது.

அக்காவுக்கு நாலு தடவை போன் போட்டேன், கிடைக்கவில்லை. மறுநாள் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ராஜா வேஷத்துக்கு எடுத்திருந்த பையன், கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் பேசும் வசனத்தைப் பேசிக் காட்டியிருந்தான். நான் மூன்று வரியில் சொன்னதை அக்கா பத்தொன்பது வரியாக எழுதியிருந்தாள். பையன் அருமையாகப் பேசினான். அதைக் கேட்ட பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று தள்ளிப்போட்டேன். அப்படியே விட்டுவிட்டால்கூடத்தான் என்ன என்றும் நடுவில் ஒரு யோசனை வந்தது.

ஊருக்கு வந்து, வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஷேர் ஜீப்பில் மலையேறி அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சனிக்கிழமை விழா. அக்கா வராண்டாவில் உட்கார்ந்து அட்டைக் கிரீடத்தில் தங்கக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பசைக் கையோடு எழுந்துபோய் ஓர் அழைப்பிதழை எடுத்து வந்து நீட்டினாள்.

“படி. சிறப்பு விருந்தினர் யாருன்னு படி.”

திருவண்ணாமலையில் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இங்கிலீஷ் பேராசிரியர். கீழே நாடகத்தின் பெயர் கொட்டை எழுத்தில்.

“மொதல்ல வர மாட்டேன்னுட்டாராம். மலை மேல ஏற முடியாது, முட்டி வலின்னு. நாடகத்து பேர சொன்னதும் வர்றேன்னு ஒத்துகினாராம். காலேஜ்ல இந்த நாடகத்தத்தான் வருஷா வருஷம் நடத்துவாராம்டா. எச்.எம்.முக்கு தல கால் புரியல.”

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. ராஜா வெளியே போகவில்லை, மகள்தான் போகிறாள், நான் மழை வந்ததும் எழுந்து வந்துவிட்டேன், முடிவு நானாகச் சொன்னது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தூரிகையைப் பசைக் கிண்ணத்தில் வைத்தாள்.

“உனுக்கு எப்ப தெரியும்?”

“அன்னிக்கே.”

“அன்னிக்கேன்னா, எங்கிட்ட சொன்ன அன்னிக்கேவா?”

“ஒரு மணி நேரம் கழிச்சி.”

விரல் விட்டு எண்ணினாள். “பதினோரு நாளு. தெனம் சாயங்காலம் அந்தப் பையன நிக்க வச்சி பேச வச்சிகினு இருந்தேன். பதினோரு நாளு நீ வாய தொறக்கல.” பிறகு எழுந்தாள். “எங்கிட்ட சொன்ன மாரியே புள்ளைங்க கிட்டயும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்துச் சொன்னேன். இருபது முகமும் என்னையே பார்த்தன. மழை வந்ததும் எழுந்து வந்ததை அவர்கள் யாரும் ஒரு தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

“அப்ப எங்க கிட்ட சொன்னது டூப்பா அண்ணா?” என்றான் எதிரி வீரனாக நடிக்கிறவன்.

“முடிவு மட்டும்.”

“மன்னிச்சி வுட்டும் வாணாம்னுட்டு போவுதுன்னா, அது லூசா?” என்றான் இன்னொருவன்.

மகள் வேஷம் போட்ட பெண் அதுவரை பேசவில்லை. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். “லூசு இல்ல,” என்றாள். “வேற வூட்டுப் பொண்ணுன்னா இவரு வுட்டுருப்பாரா? வுட்டுருக்க மாட்டாரு. அத்த கேக்குது.” பிறகு என்னிடம் திரும்பி, “அப்ப கடைசில பேசறது நானா அண்ணா?”

“ஆமாம்மா.”

“எத்தினி வரி?”

“எட்டு.”

அவள் திரும்பி ராஜாவைப் பார்த்தாள். ராஜா தலையைக் குனிந்து பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“நான் பத்தொம்போது வரி மனப்பாடம் பண்ணிகிறேன் டீச்சர்,” என்றான்.

“தெரியும்டா,” என்றாள் அக்கா.

“எங்க வூட்ல சொல்லிகிறேன். கிரீடத்த கழட்டிட்டு பேசுவேன்னு. அம்மா, நைனா, சித்தி எல்லாம் ஜீப்பு வச்சிகினு வர்றாங்க. அந்த சீனுக்கோசரம்தான் நான் ராஜாவே ஒத்துகினேன். இல்லன்னா டான்ஸுக்குப் போயிருப்பேன்.” எழுந்து வெளியே போய்விட்டான்.

வேறு யாருக்கும் ராஜாவின் மற்ற வசனங்கள் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு நாள். பழைய முடிவையே வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பேராசிரியர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைமை ஆசிரியர் அடுத்த வருஷம் ஏழு டான்ஸுக்குப் போய்விடுவார். அக்கா இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. “போ, போய் பேசு அவங்கிட்ட,” என்று மட்டும் சொன்னாள்.

பையன் கொடிமர மேடையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என்னைத் திட்டவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டான்.

“அவ போய்ட்டப்புறம் ராஜா இன்னா பண்ணுவாரு?”

“நிப்பாரு.”

“நின்னுகினு?”

“அவ்ளோதான். சும்மா நிப்பாரு. நாடகம் முடிஞ்சிடும்.”

“சும்மா நிக்கறதுக்கு இன்னாத்துக்கு ராஜா?”

 புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். நீங்கதான் அதையும் பாக்கலையே என்றான். பாய் பார்த்தார் என்றேன். யார் அந்தப் பாய் என்று கேட்டான், சொன்னேன். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார் என்றதும் கொஞ்சம் சிரித்தான். கடைசியில், “சரி, நிக்கறேன். டீச்சருக்கோசரம்,” என்றான். உங்களுக்காக இல்லை என்பது அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த எட்டு வரிதான். அந்தப் பெண் சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது வரியில் தவறாமல் தடுக்கியது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விழா. மைதானத்தில் சாமியானா போட்டு, மேடை கட்டாமல் தரையிலேயே இடம் விட்டிருந்தார்கள். மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த பெற்றோர்கள், நாற்காலி போதாமல் மூன்று பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் முட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆறு டான்ஸ் முடிந்து நாடகம்.

எதிரி வீரன் தண்ணீர் கேட்டபோது பார்வையாளர்களில் ஓர் ஆயா, “குடுங்கடி பாவம்,” என்று சத்தமாகச் சொன்னார். மகள் குடத்தோடு போனாள். கிழவர்களாக நின்ற பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தியின் பஞ்சுத் தாடி கழன்று விழுந்தது, அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டே பேசினாள். ராஜா எழுந்து கையை உயர்த்தினார். அக்கா என் பக்கத்தில், துணி மறைப்புக்குப் பின்னால், வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்துச் சொல்லிக் கொடுக்கத்தான் தாள். ஆனால் அவள் அதைச் சுருட்டிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ராஜா மன்னித்தார். மகள் தலையை ஆட்டினாள். பேச ஆரம்பித்தாள். நாலு வரி. ஐந்தாவதில் நின்றாள். அக்கா தாளைப் பிரிப்பதற்குள் அவள் அந்த வரியை விட்டுவிட்டு, “வேற வூட்டுப் பொண்ணுன்னா வுட்டுருப்பியா?” என்று அப்பனைக் கேட்கிற மாதிரியே கேட்டாள். அக்கா எழுதிய தமிழ் அது இல்லை.  மிச்ச வரிகளைச் சரியாகச் சொல்லி முடித்து, மூங்கில் நட்டுக் கட்டியிருந்த வாசல் வழியாக வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜா நின்றான். சொன்ன மாதிரியே சும்மா நின்றான். நான் பத்து வரை எண்ணியிருப்பேன், கடைசிப் பாட்டைப் போட வேண்டிய பிள்ளையும் மறந்துபோய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ராஜா கிரீடத்தைக் கழற்றினான். அக்கா என் கையைப் பிடித்தாள், வலித்தது. இப்போது பத்தொன்பது வரியும் வரப்போகிறது என்று நினைத்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கிரீடத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல் இரண்டு பக்கமும் பார்த்தான், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் பாட்டு வந்தது. கைதட்டல் அவன் சித்தி உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தது.

பேராசிரியர் தன் பேச்சில் சுத்தம், நேரம் தவறாமை, பொதுத்தேர்வு பற்றிப் பேசினார். நாடகத்தைப் பற்றி, பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம். டீ கொடுக்கும்போதுதான் அக்காவை அருகில் கூப்பிட்டார். தலைமை ஆசிரியரும் பக்கத்தில் நின்றார்.

“ஒரு தப்பு இருந்துச்சும்மா,” என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “சொல்லுங்க சார்.”

“நகர வாசல் வலது பக்கம் வரணும். நீங்க இடது பக்கம் வச்சிட்டீங்க.”

“வலது பக்கம் தண்ணி டேங்க் கீது சார்,” என்றாள் அக்கா.

“ஓ,” என்றார் அவர். டீயைக் கொஞ்சம் குடித்தார். “அப்புறம், ராஜா கிரீடத்தைக் கழட்டறது.”

“அது புஸ்தகத்துல இல்லைங்க சார்.”

“இல்லைன்னு தெரியும்மா. யார் சேர்த்தது?”

ஒரு நொடி அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் மைதானத்தைப் பார்த்தேன். ராஜா அவன் வீட்டு ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கழுத்தில் அரிதாரம் வழிய, சித்தி ஊட்டுவதைத் தின்றுகொண்டிருந்தான்.

“ராஜாதான் சார்,” என்றாள்.

பேராசிரியர் தலையசைத்தார். அது ஒப்புக்கொண்டதா, கேட்டுக்கொண்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, தன்னைக் கூட்டிவந்த டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

கார் இறங்கிப் போன பிறகு தலைமை ஆசிரியர், நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த எங்களிடம் வந்தார்.

“இருவது நிமிஷம்னு சொன்னேன் மேடம். இருவத்தாறு ஆச்சு.”

“கடைசில அவன் நின்னுட்டான் சார்.”

“பாத்தேன்.” கொஞ்ச நேரம் நாற்காலிகளை எண்ணுகிற மாதிரி நின்றார். “அடுத்த வருஷம் எவ்ளோ வேணும்?”

“முப்பது.”

“இருவத்தஞ்சு. அஞ்சு டான்ஸாவது இல்லன்னா பேரன்ட்ஸ் அடிக்க வருவாங்க.”

“சரிங்க சார்.”

அவர் போனதும் அக்கா என்னிடம் பேசுவாள் என்று நின்றேன். அவள் வகுப்பறைக்குள் போய் ஒரு கட்டு முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். வீரர்களுக்குக் கேடயமாக இருந்தவை, சுற்றுப்பட்ட ஊர்களில் இரவல் வாங்கியவை. எந்த முறம் எந்த வீட்டுடையது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்பீஸில் எழுதியிருந்தாள்.

“காலைல குடுத்துட்டு வா. கைல குடு, வாசல்ல வச்சிட்டு வராத,” என்றாள்.

ஐந்து முறம், மூன்று ஊர். ஜீப் போகாத பாதை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஆனது.